எந்த வண்டியை வாங்கலாம்?

"சுவாமி, பழைய கார் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. தாங்களே ஓட்டிப் பார்த்து ஒன்றைச் சொல்லவேண்டும்" என்று நமது பங்கின் குடும்பத் தலைவர் ஒருவர் வேண்டிக்கொண்டார். அவருடைய வயது முதிர்ந்த தாயார் முழங்கால் நோவினால் ஆறு மாதங்களாக ஞாயிறு திருப்பலிக்கு வர இயலவில்லை. பிள்ளைகள் இருவரும் ஏர்க்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கின்றனர். ஆகவே நாமும் இசைந்தோம்.

ஒன்று ஆல்டோ 800. மற்றொன்று வேகன் ஆர். இரண்டும் 2014-ஆம் ஆண்டு வண்டிகள். இரண்டிலும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டையும் இழுப்பவை முன்சக்கரங்களே. ஆனால் ஆல்டோவின் எஞ்சின் 796 சி.சி., ஏறக்குறைய 48 குதிரைத்திறன். வேகன் ஆரினது 998 சி.சி., ஏறக்குறைய 67 குதிரைத்திறன்.

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரே சாலையில் ஐந்து பேருடன் இரு வண்டிகளையும் மாறி மாறி ஓட்டினோம். ஊருக்குள் மிக இலகுவாக ஓடிய ஆல்டோ, மலையில் பளுவுடன் திணறியது. பல வளைவுகளில் முதல் கியருக்கே இறங்க வேண்டியதாயிற்று. வேகன் ஆர் அதே ஏற்றத்தை இரண்டாம் கியரில் அமைதியாக ஏறிற்று.

வளைவுகளிலோ நிலைமை மாறியது. ஆல்டோவின் உயரம் 1,475 மில்லிமீட்டர். வேகன் ஆரின் உயரம் 1,700. அகலமோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே தாழ்ந்த வண்டி வளைவில் நிலைத்து நிற்க, உயர்ந்த வண்டி வெளிப்புறமாகச் சாய்ந்தது. அதனை ஓட்டுவோர் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் இரண்டுக்கும் நியதி ஒன்றே: ஏறிய கியரிலேயே இறங்குக. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும்.

அடிவாரத்தில், ஆளற்ற இடத்தில் பிரேக்கைச் சோதித்தபோது வேகன் ஆர் சறுக்கிற்று. இறங்கி டயரை நோக்கினோம். பக்கவாட்டில் 0914 என்னும் நான்கு இலக்கங்கள்! 2014-ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரத்தில் செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். "பட்டன் இன்னும் தேயவில்லையே" என்றார் உரிமையாளர். தேயவில்லைதான், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது. ஆல்டோவின் உரிமையாளரோ, நாம் கேளாமலே, "கிளட்ச் தட்டு மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருந்தார். மறைவின்றி உரைத்த அவர் நம் உள்ளத்தில் உயர்ந்து நின்றார்.

ஆயினும் நாம் பரிந்துரைத்தது வேகன் ஆரையே. மலையேறும் வலிமை ஒரு காரணம். மற்றொன்று, அந்தத் தாயார் அதன் உயர்ந்த இருக்கையில் எவர் துணையுமின்றி அமர்ந்தார். ஆல்டோவில் குனிந்து அமர அவரால் இயலவில்லை. நான்கு புதிய டயர்களின் விலையைக் குறைக்கக் கேட்டபோது உரிமையாளர் முகம் சுளித்தார். "இதில் பயணம் செய்யப்போகிறவர் உங்கள் தாயாராயிருந்தால்?" என்று மட்டும் கேட்டோம். மறுநாள் இசைந்தார். விற்கும் பொருளின் குறையை மறைப்பதும் எட்டாம் கட்டளைக்கு மாறானதே என்பதைக் குடும்பத்தார் மறவாதிருப்போமாக.

பழைய வண்டி வாங்குவது இழிவன்று. 1984-ஆம் ஆண்டின் ரெனோ 4 வண்டியொன்றை, ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னர், திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் ஓர் இத்தாலியப் பங்குத் தந்தையிடமிருந்து மகிழ்வுடன் பெற்றுக்கொண்டார்.

சென்ற ஞாயிறன்று அந்தத் தாயார் முதல் வரிசையில் அமர்ந்து திருப்பலி கண்டார். புதிய டயர்களுடன் வண்டி வேப்பமர நிழலில் நின்றது.