ஓட்டுக்கு அப்பால்: இளைஞர்களின் அவநம்பிக்கையும் மேலவளவின் கேள்வியும்
(மேலவளவு நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ஓட்டுப் போட்டு என்ன ஆச்சு?" நம் சேரிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் அரசியல் அறியாதவர்கள் அல்லர். அரசமைப்புச் சட்டத்தைப் படித்தவர்கள், அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள். இளைஞர்களுக்கு ஜனநாயகத்தில் அக்கறை இல்லை என்று குறைசொல்வது எளிது. அவர்களுடைய நம்பிக்கை எங்கே உடைந்தது என்று தேடுவதே நம் வேலை. அந்தத் தேடலை மேலவளவில்தான் தொடங்க வேண்டும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் தலித்துகளுக்கு இடஒதுக்கீடு தந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சி 1996இல் தனி ஊராட்சி ஆனது. மிரட்டலுக்கும் தேர்தல் தடைபட்டதற்கும் பிறகு முருகேசன் தலைவராகத் தேர்வானார். 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் என்ன குற்றம் செய்தார்? வேட்பு மனு கொடுத்தார், வென்றார், பதவியில் அமர நினைத்தார். ஒரு ஜனநாயகம் குடிமகனிடம் கேட்பது எதுவோ, அதைத்தான் அவர் செய்தார்.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் கதை இன்னொரு வகை. அங்கே தேர்தல் அறிவிக்கப்படும். ஒருவரும் மனுச்செய்ய மாட்டார்கள். அல்லது ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஒருவர் வென்று, உடனே பதவி விலகுவார். 1996 முதல் பத்தாண்டுகள் இப்படியே ஓடின.

இவை பழைய கதைகள் அல்ல. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் ஊராட்சித் தலைவர் விடுதலை நாளில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. பதவி அவர்களுடையது, நாற்காலி வேறொருவருடையது. இதைப் பார்த்து வளரும் பிள்ளை ஜனநாயகத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்?

இந்த அவநம்பிக்கைக்கு மூன்று வேர்கள் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

முதலாவது, பிரதிநிதித்துவம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போராடியது, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் இடங்களைக் கூட்டியது, தனி வாக்காளர் தொகுதியை இல்லாமல் செய்தது. இன்று மக்களவையில் 84 தனித்தொகுதிகளும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 44 தனித்தொகுதிகளும் உள்ளன. ஆனால் அந்தத் தொகுதிகளிலும் பெரும்பான்மை வாக்காளர்கள் தலித் அல்லாதவர்களே. வாய்ப்புத் தருவது கட்சித் தலைமை, வெற்றி தருவது பிறர் வாக்கு. வன்கொடுமை நடந்தால் அந்த உறுப்பினர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்? அவருடைய மௌனத்தை அவரது குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தேர்தல் முறையே அந்த மௌனத்தை வளர்க்கிறது.

இரண்டாவது, நீதி. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அதே பகுதி தலித் இளைஞர்கள் மூவரையே குற்றம் சாட்டியது. மக்கள் அதை ஏற்கவில்லை. வேறு விசாரணை கேட்டார்கள். வழக்கின் முடிவு எதுவானாலும், நாட்கணக்கில் கிடைக்க வேண்டிய பதில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோதே ஒரு தலைமுறையின் நம்பிக்கை கரைந்துவிட்டது.

மூன்றாவது, பிழைப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல, ஊரின் பிடியிலிருந்து வெளியேறும் வாசல். அரசுப் பணிகள் ஒப்பந்தத்துக்கும் தனியாருக்கும் போகும்போது அந்த வாசல் அடைபடுகிறது. தனியார் வேலைகளில் இடஒதுக்கீடு இல்லை. அரசமைப்பில் உரிமை அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் இடந்தான் சுருங்கிக்கொண்டே போகிறது.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தது இந்த முரண்பாட்டைத்தான். அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு என்ற நிலை நீடித்தால், பாதிக்கப்பட்டவர்கள் அரசியல் ஜனநாயகத்தின் கட்டமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்றார். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் காலடியில் உரிமைகளை வைத்துவிடக் கூடாது, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழி.

இந்த இரண்டாவது எச்சரிக்கை இன்று நமக்கு மிக அவசியம். நம்பிக்கை இழந்த இளைஞர் சும்மா இருப்பதில்லை. சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் ஒரே அடியில் சரிசெய்யப்போகும் பலசாலித் தலைவரைத் தேடுகிறார்கள். சிலர் ஆதிக்கச் சாதிகளைப் பார்த்து, நாமும் ஆண்ட பரம்பரை என்ற பெருமையில் இளைப்பாறுகிறார்கள். மூன்று பாதைகளிலும் நட்டம் நமக்கே. பலசாலித் தலைவரின் ஆட்சியில் முதலில் மூடப்படுவது எளியவர் முறையிடும் கதவுதான். பணமும் நிலமும் சாதிபலமும் உள்ளவர்கள் ஜனநாயகம் இல்லாமலும் வாழ்ந்துகொள்வார்கள். நம்மால் முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? "ஜனநாயகத்தை நம்புங்கள்" என்று உபதேசம் செய்து பயனில்லை. அது தங்கள் கையில் ஒருமுறையாவது வேலை செய்வதைப் பார்த்தால்தான் இளைஞர்கள் நம்புவார்கள். பத்தாண்டுகள் நடக்காது என்று சொல்லப்பட்ட அந்த நான்கு ஊராட்சித் தேர்தல்கள் 2006இல் நடந்தன. சட்டம் மாறவில்லை. இயக்கங்களின் இடைவிடாத அழுத்தமும் நிர்வாகத்தின் உறுதியும் சேர்ந்தன, அவ்வளவுதான்.

அந்த அழுத்தத்துக்கான கருவிகள் சட்டத்திலேயே உள்ளன. தலித் ஊராட்சித் தலைவரைப் பணிசெய்ய விடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புலன்விசாரணையை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பிணை மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும். ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நிலுவை வழக்குகளைப் பட்டியலிடுவோம். கிராமசபையில் நம் பெண்களும் மாணவர்களும் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைப்போம். படித்த பிள்ளைகளின் படிப்பு முதலில் தேவைப்படும் இடம் இதுதான்.

இளைஞர்களின் கோபத்தை நாம் அணைக்க வேண்டியதில்லை. ஏமாற்றத்தை உணர்பவர் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தவர். முருகேசனும் எதிர்பார்த்தார். ஆதிக்கச் சாதியினர் அஞ்சியது வாக்குச்சீட்டுக்கு அல்ல, அதை நம்பி நாற்காலியில் உட்காரத் துணிந்த மனிதருக்கு. அந்த நாற்காலி இன்னும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக அதன்மீதுள்ள உரிமையை விட்டுவிட்டு எழுந்துபோக நமக்கு அனுமதியில்லை.

மேலவளவு ஈகியருக்கு நமது வீரவணக்கம்.