விரலுக்கும் விமானத்துக்கும் நடுவே

கண்டியில் ரேடியோ விமானம் பறக்கவிடுகிறவர்களிடம் எந்தக் கோளாறுக்கும் ஆயத்தமாக ஒரு விடை இருக்கும். குண்டசாலை, திகன என்று கொஞ்சம் வெளியான இடமாகத் தேடிப்போய் ஏற்றிய மொடல் திடீரென்று மூக்கைக் குத்தினால், பக்கத்தில் நிற்கிற பையன் சொல்வான்: "சிக்னல் போயிருச்சுண்ணே, மலை மறைக்குது." சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் நக்கிள்ஸ் தொடர், நடுவே மகாவலியை ஒட்டிய மரக்கூட்டம். இன்றைய டிரான்ஸ்மிற்றர்களின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மலையைச் சுற்றி வளைந்து போகாது; மழையில் நனைந்த இலைகளும் அதைக் கணிசமாக உறிஞ்சிவிடும். ஆனாலும் மலைமேல் பழி போடுமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று கட்டைவிரலுக்கு நேர் கீழே இருக்கிறது: டிரான்ஸ்மிற்றரின் ஸ்டிக்.

மலை மறைத்ததா, ஸ்டிக் பழுதா என்பதை மொடல் நடந்துகொண்ட விதத்திலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 27, 35 மெகாஹேர்ட்ஸ் ரேடியோக்களின் காலத்தில் விமானத்திலிருந்த பெரும்பாலான ரிசீவர்களுக்கு டிரான்ஸ்மிற்றர் அனுப்பிய துடிப்பையும் வெளி இரைச்சலையும் பிரித்தறியத் தெரியாது. குறுக்கீடு வந்தால், விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்களான சேர்வோக்கள் உதறும். இப்போது கட்டளைகள் இலக்கப் பொதிகளாகப் போகின்றன. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சோதனை எண் சேர்ந்து போகிறது. வழியில் சிதைந்த பொதியை ரிசீவர் எறிந்துவிடும். சேர்வோக்கள் கடைசியாகக் கிடைத்த நிலையிலேயே நிற்கும். தொடர்பு வராமலே இருந்தால் முன்கூட்டிப் பதிந்துவைத்த பாதுகாப்பு நிலைக்குப் போகும், அநேகமாக மோட்டார் அடங்கும். ஆக, மலை மறைத்த விமானம் எல்லாச் சேனலிலும் ஒன்றாக உறையும். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேற்றர் மட்டும் தனியே வெட்டி இழுத்தால் சந்தேகம் ஸ்டிக்கின் பக்கம் திரும்ப வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோதனை எண் கவனிப்பது ஒன்றே ஒன்றை: அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்ததா. விரல் நினைத்ததுதான் அனுப்பப்பட்டதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஸ்டிக்கில் பிறந்த பொய் துளியும் பிசகாமல், சரிபார்த்த முத்திரையோடு விமானத்துக்குப் போய்ச் சேர்கிறது. அலைவரிசை தாவுதல், பிழை கண்டறிதல் என்று இவ்வளவு நுட்பம் சேர்ந்த பிறகும், சங்கிலியின் முதல் கண்ணி பல பெட்டிகளில் பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழில் இருந்த அதே பாகம்தான்: பொட்டென்சியோமீற்றர், சுருக்கமாகப் 'பொட்'.

வளைந்த காபன் தடம் ஒன்று. அதன்மேல் ஊர்ந்து போகும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று. தடத்தின் ஒரு முனைக்கு 3.3 வோல்ற், மறுமுனைக்குப் பூச்சியம். நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ற வோல்ற்றளவை டிரான்ஸ்மிற்றருக்குள் இருக்கும் சில்லு எண்ணாக மாற்றுகிறது. முழுத் தடமும் 300 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கோ ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமார் 60 பாகைதான் அசையும். அதாவது தடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வேலை. கிடைக்கும் வோல்ற்றளவு மாற்றம் 0.66 வோல்ற் மட்டுமே. 12 பிற் சில்லு 3.3 வோல்ற்றை 4,096 படிகளாகப் பிரிக்கிறது. நம் பங்குக்கு வருவது ஏறத்தாழ 820 படிகள். இந்த 820தான் சேர்வோவுக்குப் போகும் 1,000 முதல் 2,000 மைக்ரோசெக்கன் வரையான துடிப்பாக விரிகிறது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாக்கில் 10 மில்லிவோல்ற் தடுமாற்றம் இருந்தாலே துடிப்பு 15 மைக்ரோசெக்கன் தவறுகிறது. சேர்வோவின் கை ஒரு பாகைக்கு மேல் அசைகிறது. வேகமாகப் பறக்கும் மொடலில் எலிவேற்றர் ஒரு பாகை அசைந்தால் தரையில் நிற்கிறவர் கண்ணுக்கே தெரியும்.

தேய்மானம் எங்கே வரும் என்பது ஸ்டிக் அசையும் விதத்திலிருந்தே விளங்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி நடுவைச் சுற்றிய சிறு அசைவுகளிலேயே கழியும். ஒரு மில்லிமீற்றர் தடம் ஆயிரக்கணக்கான முறை உரசப்பட, கோடிகள் இரண்டும் புதிதாகவே கிடக்கும். உரசிய காபன் தூள் அங்கேயே ஓரமாகக் குவியும். கண்டியின் ஈரம் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு 1,800 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் ஊர் இது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. கமெரா லென்ஸில் பூஞ்சணம் படிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, செப்பும் பித்தளையும் இங்கே எவ்வளவு சீக்கிரம் பச்சை பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்த டிரான்ஸ்மிற்றர்தான், தினமும் கையாளப்படுவதைவிட, அதிகம் சண்டித்தனம் செய்யும். அசையாத நாக்கின் அடியில் படலம் படிவதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

இந்தப் பழுது வந்தும் போயும் விளையாட்டுக் காட்டுவதற்குக் காரணமுண்டு. சில்லின் உள்வாயில் மிகச் சொற்ப மின்னோட்டமே எடுப்பதால், நாக்குக்கும் தடத்துக்கும் இடையில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வோல்ற்றளவு மாறாது. எல்லாம் ஒழுங்காகவே தெரியும். தொடுகை முற்றாக விடுபடும் அந்தக் கணத்தில்தான் எண் எங்கேயோ பாயும். அடுத்த கணம் பழையபடி சரியாகிவிடும். வீட்டில் பத்து நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு 'இப்ப நல்லா இருக்கு' என்று புறப்படுவது இதனால்தான் ஆபத்து.

ஆகவே தேடுவதற்கு ஒரு முறை வேண்டும். முதல் வேலை விசிறியைக் கழற்றுவது. திரொட்டில் ஸ்டிக்கில் ஒரு பாய்ச்சல் வந்தால் மோட்டார் மேசைமேலேயே முழு வேகம் எடுக்கும். பிறகு, சேனல்களைப் பட்டையாகக் காட்டும் திரை டிரான்ஸ்மிற்றரில் இருந்தால் அதைத் திறந்து, ஸ்டிக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். பட்டை தாவுகிற இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றேயானால் தடத்தில் அழுக்கோ தேய்வோ இருக்கிறது. பட்டை சீராக ஓடியும் சேர்வோ நடுங்கினால் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். சேர்வோவுக்குள்ளும் தன் நிலையை அறிய ஒரு பொட் இருக்கிறது, அதுவும் இதே விதமாகத் தேயும். அந்தச் சேர்வோவை வேறு சேனலில் செருகினால் விடை கிடைத்துவிடும்.

திரை இல்லாத மலிவுப் பெட்டியானால் மூடியைக் கழற்றி, நாக்கின் கம்பியில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்கலாம். இதற்கு முள் ஓடும் பழைய மீற்றர்தான் எனக்குப் பிடித்தது. சாதாரண இலக்க மீற்றர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். இடையில் நடந்த பாய்ச்சல் அதற்குப் படாது. முள்ளோ சட்டென்று ஒருமுறை துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஸ்டிக்குகளின் செருகிகளும் ஒரே மாதிரி இருந்தால் இடம் மாற்றிச் செருகுவது இன்னும் நல்ல சோதனை. பழுது செருகியோடு கூடவே போனால் குற்றம் ஸ்டிக்கில். இருந்த இடத்திலேயே நின்றால் பலகையில்.

பொட்டுக்கு வரும் மூன்று கம்பிகளில் எது அறுந்தது என்பதையும் திரையே சொல்லும். பூச்சியக் கம்பி அறுந்தால் தடம் முழுவதும் 3.3 வோல்ற்றுக்கு ஏறி, பட்டை ஒரு கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். 3.3 வோல்ற் கம்பி அறுந்தால் எதிர்க் கோடியில். நடுக்கம்பி அறுந்தால் நடப்பதுதான் விநோதம்: விமானத்தைப் பக்கவாட்டில் சரிக்கும் ஏலரோனை அசைத்தால் எலிவேற்றரும் சேர்ந்து அசையும். சில்லு எல்லா ஸ்டிக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளே இருக்கும் ஒரே சிறு கொள்ளளவியைக் கொண்டு அளக்கிறது. அறுந்த வாயிலில் வோல்ற்றளவு ஏதும் வராதபோது முந்திய சேனலின் மின்னேற்றமே கொள்ளளவியில் தங்கிவிடுகிறது. அதையே புதிய அளவென்று சில்லு படிக்கிறது. எல்லாச் சேனல்களும் ஒன்றாக நடுங்கினால் தனிக் கம்பியைத் தேட வேண்டாம். பற்றரியையும் பொது மின்வழங்கலையும் பாருங்கள்.

அறுவது பெரும்பாலும் ஈயம் வைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும். ஸ்டிக்கின் உள்வளையத்தில் அமைந்த பொட் ஒவ்வோர் அசைவிலும் தானும் ஆடுவதால் அதன் கம்பிகள் ஓயாமல் வளைகின்றன. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி இறுகிய பகுதி வளையாது. இறுகியதும் இளகியதும் சந்திக்கும் புள்ளியில் செப்பிழைகள் ஒவ்வொன்றாக முறியும். மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குறட்டால் மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள்; உறை மட்டும் நீண்டு வந்தால் உள்ளே செப்பு இல்லை. போன் திருத்துகிற எந்தக் கடையிலும் இதைச் சில நிமிடத்தில் ஒட்டித் தருவார்கள்.

தடம் அழுக்கானதுதான் என்றால் மின்தொடுகைகளுக்கென்றே விற்கும் ஸ்பிறேயை ஒரு சொட்டளவு செலுத்தி, ஸ்டிக்கைப் பலமுறை கோடிக்குக் கோடி ஓட்டினால் சரிவரும். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிறே கூடவே கூடாது. அது விட்டுப்போகும் படலம் தூசியைப் பிடித்துவைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது காபனையே அழித்துவிடும். சுத்தம் செய்தும் சில வாரத்தில் பழுது திரும்பினால் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பொட்டை மாற்றுவதே முறை.

மாற்றும்போது உரசலே இல்லாத ஹோல் உணரி கொண்ட ஸ்டிக்குக்குப் போகலாம். 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹோல், மின்னோட்டம் பாயும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தபோது குறுக்கே ஒரு சிறு வோல்ற்றளவு தோன்றுவதைக் கண்டார். தங்கத்தில் அது மிக அற்பம், குறைகடத்திகளில் தாராளம். ஸ்டிக்கின் அச்சில் ஒரு சிறு காந்தம், அதன் எதிரே தொடாமல் ஒரு சில்லு. தேய எதுவுமில்லை. எனினும் அருகே வேறு காந்தம் வந்தால் இதுவும் ஏமாறும். காந்தப் பூட்டு வைத்த தோள்பையை டிரான்ஸ்மிற்றரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பும் ஏர்பஸ் ஏ320இலும் விமானியின் கை ஒரு சிறு பக்கக் கைப்பிடியைத்தான் அசைக்கிறது. அந்த அசைவும் மின்குறிப்பாகவே கணினிக்குப் போகிறது. 1987இல் முதன்முதல் பறந்த அந்த விமானத்தில் ஒரே அசைவைப் பல உணரிகள் அளக்க, கணினிகள் அவற்றை ஒப்பிட்டு ஒத்துவராததை ஒதுக்குகின்றன. நம் பெட்டியில் ஓர் அச்சுக்கு ஓர் உணரிதான். ஒப்பிடுகிற வேலை பறக்கவிடுகிறவருடையது, அதுவும் தரையில் நிற்கும்போதே. கீழே ஆட்கள் நடமாடும் இடத்தில் ஒரு கிலோ விமானம் விழுந்தால் என்னவாகும் என்று நினைப்பவர் சந்தேகமுள்ள ஸ்டிக்கோடு ஏற்றமாட்டார்.

பொட்டையோ ஸ்டிக்கையோ மாற்றினால் டிரான்ஸ்மிற்றரின் அளவீட்டைப் புதிதாகப் பதிய வேண்டும்: முதலில் நடு, பிறகு நான்கு கோடிகளும். பதிந்த பின் ஸ்டிக்கை மேலே தள்ளி விட்டுவிட்டு நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; கீழே இழுத்து விட்டு மறுபடியும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மைக்ரோசெக்கன் வித்தியாசம் இருந்தால் பல சேர்வோக்கள் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. பத்தைத் தாண்டினால் புதுப் பொட் போட்டும் வேலை முடியவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, அச்சுக்குழியில் தூசி இறுகியிருக்கிறதா என்று மூடியை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.