ஓவராயிலுக்கு வந்த ஹெர்குலிஸ்

“பேசாம ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிருங்க அண்ணாச்சி” என்றார் மெக்கானிக். அண்ணாச்சிக்கு எழுபத்திரண்டு வயது. காதில் விழாதது போல டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் குறுக்குக் கம்பியிலிருந்து இரண்டு கயிற்றில் அவருடைய ஹெர்குலிஸ் தொங்கியது. 24 அங்குல பிரேம், கம்பி பிரேக், முன் மட்கார்டில் துரு பிடித்த இரண்டு ஆணி. அந்த இடத்தில் முன்பு சைக்கிள் வரி கட்டியதற்கான வில்லை இருந்ததாம். மில்லில் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய வண்டி. பேரன் ஊரிலிருந்து கியர் வைத்த சைக்கிள் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். “அதுல உக்காந்தா யாரையோ கும்பிடப் போற மாதிரி குனிய வேண்டியிருக்கு” என்பது அதைப் பற்றி அண்ணாச்சியின் ஒரே விமர்சனம்.

கோவில்பட்டியில் பைக் பட்டறைகளுக்கு நடுவே இப்படிச் சில சைக்கிள் கடைகள் பிழைத்துக் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் பஞ்சரை விட்டால், பெரிய வேலை என்று வருவது பெரும்பாலும் பெரியவர்களின் வண்டிதான். அந்தப் பெரிய வேலைக்குப் பெயர் ஓவராயில். ‘ஓவர்ஹால்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாய்க்கு வந்து எண்ணெய் பூசிக்கொண்ட கதை அது. மூலச் சொல்லைவிட நம்முடையதே பொருத்தம். வண்டியை முழுக்கக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டும் வேலையில் பாதிக்கு மேல் எண்ணெய்தானே.

பெடல் அச்சைக் கழற்றியதும் தட்டில் பால்ரஸ்கள் கொட்டின. வலப்பக்கம் பதினொன்று, இடப்பக்கம் பதினொன்று, ஒவ்வொன்றும் கால் அங்குலம். இடப்பக்கத்தில் மூன்று மட்டும் மங்கிப்போய், வெந்த கடுகு போலச் சொரசொரத்தன. மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மெக்கானிக் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “பழசோட புதுசு சேராது சார்” என்றார். மாமியார் மருமகள் கதை மாதிரி ஒலித்தாலும் அது சுத்தமான இயற்பியல். ஓடி ஓடித் தேய்ந்த உருண்டை, புதியதைவிட மயிரிழையில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். கலந்து போட்டால் பெரியவை மட்டுமே சுமை தாங்கும், சிறியவை சும்மா உருளும். உருண்டை கிண்ணத்தைத் தொடும் இடம் குண்டூசித் தலையைவிடச் சிறியது. எழுபது கிலோ மனிதர் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் விசை அந்தப் புள்ளிகளில் இறங்கும். பதினொன்று பகிர்ந்துகொள்ள வேண்டியதை மூன்று தாங்கினால் கிண்ணத்தில் குழி விழும். அதன் பிறகு எத்தனை பால்ரஸ் மாற்றினாலும் ‘கரகர’ போகாது.

மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘கடக்’ என்று கேட்டால் அது வேறு நோய். மிதிகட்டையின் கரத்தை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அது ஓர் ஆப்பு, அவ்வளவுதான். கரத்துக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து ஒரே அடியில் கழற்றுகிறார்கள். இரண்டாவது அடி தேவைப்பட்டால் மெக்கானிக்குக் கௌரவக் குறைவு.

சக்கரத்துக்கு வந்தபோது கடையில் பேச்சு நின்றது. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின்னதில் 40. விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டுக்கொண்டே போனார். இழுவிசை கூடினால் சுருதி ஏறும். நான்கு மடங்கு இழுத்தால் ஒலியின் அதிர்வெண் இரண்டு மடங்காகும். தம்புரா கம்பிக்கும் சைக்கிள் கம்பிக்கும் ஒரே விதிதான். ஒரு கம்பி மட்டும் தாழ்ந்து ஒலித்தால் அந்த இடத்தில் ரிம் கோட்டம் போகும். பாரம் கம்பிகளின் மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். பென்சில் கனம்கூட இல்லாத கம்பி நிமிர்ந்து நின்று ஆளைத் தாங்காது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், கீழே வரும் கம்பியின் இழுவிசை சற்றே குறைகிறது. அந்தக் குறைவுதான் நம்மைத் தாங்குகிறது. பின்னால் எட்டுக் கம்பி கூடுதலாக இருப்பதன் அருமை கரிசல் காட்டுக்குத் தெரியும். கேரியரின் இரு பக்கமும் கொக்கி அடித்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு குடம் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அறுபது கிலோ தண்ணீர். பஞ்சு மூட்டையும் தீப்பெட்டிக் கட்டும் இந்தக் கேரியரில்தான் போயின.

இந்த வண்டியின் பூர்வீகம் பர்மிங்ஹாம். எட்மண்ட் கிரேன் 1910இல் அங்கே தொடங்கிய நிறுவனம் ஹெர்குலிஸ். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து சென்னைப் பக்கம் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபின் ஹெர்குலிஸ் நம்மூர் வண்டியானது. ராலே அசன்சோலில் இறங்கியது. அட்லஸ் 1951இல் சோனிபட்டிலும், ஹீரோ 1956இல் லூதியானாவிலும் கிளம்பின. பெயர்தான் வேறு, எலும்புக்கூடு எல்லாவற்றுக்கும் ஒன்றே. தார் காணாத இங்கிலாந்துக் கிராமச் சாலைகளுக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் போட்ட கணக்கு. அங்கே சாலை மாறியதும் சைக்கிளும் மாறிவிட்டது. இங்கே சாலையின் அடியில் கிடப்பது கரிசல்.

கரிசலின் களிமண் தகடு தகடாக அடுக்கியது. மழை பெய்தால் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருடா வருடம் இப்படி மூச்சு விடும் மண்ணின் மேல் போட்ட கிராமச் சாலை எப்படிச் சமமாக இருக்கும்? பசுவந்தனைப் பக்கம் போய்ப் பாருங்கள், தார்ச்சாலையே அலை அலையாக எழுந்து தணிகிறது. நவீன ரேஸ் சைக்கிளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மீட்டர். இந்தப் பழைய வண்டியில் அதைவிட அரைச் சாணுக்கு மேல் அதிகம். முன் போர்க்கும் நன்றாகச் சாய்ந்து வளைந்திருக்கிறது. அதனால் குழியில் இறங்கும்போது வரும் உதை, ஹேண்டிலுக்கு ஏறுவதற்குள் போர்க்கின் வளைவிலேயே கொஞ்சம் கரைகிறது. மிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் உள்ள சுருள்வில் வாங்கிக்கொள்கிறது. இடுப்பு வலிக்காரர்கள் இந்த வண்டியை விடாததற்கு ஏக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஈரக் கரிசலில் மட்டும் எந்த வண்டியும் ஜெயித்ததில்லை. மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திரண்டு, சக்கரத்தையே நிறுத்திவிடும். ஐப்பசி மழையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வந்தவர்கள் இங்கே ஏராளம்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்த வறண்ட ஊர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது. துருவுக்கு ஈரக்காற்று வேண்டும், உப்பும் சேர்ந்தால் கொண்டாட்டம். அறுபது கிலோமீட்டர் தென்கிழக்கே தூத்துக்குடியில் ரிம்மின் குரோமியப் பூச்சு சீக்கிரமே பொரிப் பொரியாகக் கிளம்பிவிடும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு, உப்பு அவற்றின் வழியே அடியிலுள்ள இரும்பைத் தொட்டுவிடும். கோவில்பட்டித் திண்ணையில் இருபது வருடம் சாத்திக் கிடந்த வண்டியோ துடைத்தால் மின்னுகிறது. எஃகுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. ஒரு எல்லைக்குள் அடங்கிய உலுக்கலை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறு உலுக்கலும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

ரப்பருக்கு இந்த ஊர் எமன். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் டயரின் பக்கச் சுவரைக் கரிசல் தரை போலவே வெடிக்க வைக்கின்றன. வால்வுக்குள் இருக்கும் சின்ன வால் டியூப் கோடையில் கூழாகிவிடும். பம்பு அடிக்கும்போது விரிந்து காற்றை உள்ளே விட்டு, நிறுத்தியதும் சுருங்கி வழியை அடைத்துக்கொள்ளும் அந்தத் துண்டு ரப்பரை மாற்ற ஸ்பேனர்கூட வேண்டாம். போதாக்குறைக்கு நெருஞ்சி. அதன் காய் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்க்கும். பகைவர் குதிரைக்காகப் பாதையில் இறைத்த இரும்பு முள்ளுக்கும் இதே வடிவம்தான்.

அடுத்தது காற்று. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே ஆடிக் காற்றை நம்பித்தான். அண்ணாச்சியின் வண்டியில் எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 45 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காற்றில்லாத காலையில் அது சுகமான வேகம். அதே ஆள் மேற்கே கழுகுமலைக்குக் கிளம்பி, எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது, தடை நான்கு மடங்காகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, வேட்டியும் சட்டையும் பாய்மரம் மாதிரி விரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஓர் இடத்தில் பேரனின் சைக்கிள்தான் கெட்டி. குனிந்து ஓட்டுவதும் கியரும் இதற்காகத்தான். அண்ணாச்சியிடம் சொன்னேன். “ஆடி மாசம் காலையில போயிட்டு, காத்து முதுகுல விழுற நேரம் திரும்பிருவேன்” என்றார். கியர் இல்லாதவர் கடிகாரத்தை கியராக வைத்திருக்கிறார்.

இனி முழங்கால். ஸ்வீடனில் எரிக்சன், நிசெல் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மிதமாக மிதிக்கும்போது முழங்கால் மூட்டில் இறங்கும் அழுத்தம் உடல் எடையைப் போல 1.2 மடங்குதான் என்று கணக்கிட்டார்கள். சமதளத்தில் நடப்பதற்கே இதைப்போல இரண்டு மடங்கு ஆகும். படி இறங்க இன்னும் கூடும். மூட்டுத் தேய்மானத்தில் நடக்க முகம் சுளிக்கிறவர் சைக்கிளில் ஏறியதும் தெருவைத் தாண்டிப் போய்விடுவது இதனால்தான். 2018இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களைச் சோதித்தன. நோயை எதிர்க்கும் டி அணுக்களைத் தயாரிக்கும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கும். இவர்களுக்கோ இளைஞர் அளவுக்கு வேலை செய்தது. அவர்களில் ஆண்கள் நூறு கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்கும் வகையறா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டீக்கடை வரை போய்வருகிறவர்களுக்கு அதே பலனை யாரும் உறுதி சொல்லவில்லை. பிரான்சின் ராபர்ட் மார்ஷான் அறுபதைத் தாண்டிய பிறகு மறுபடி சைக்கிளை எடுத்தவர். 2017 ஜனவரியில், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையே, முறையான பயிற்சியால், அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவீதம் உயர்ந்ததாக அவரைச் சோதித்தவர்கள் எழுதினார்கள். ஒரு குறையும் உண்டு. எடையைச் சீட்டு தாங்கிக்கொள்வதால், எலும்பு வலுவடையச் சைக்கிள் அதிகம் உதவாது. அதற்கு நடந்துதான் ஆக வேண்டும்.

அந்த எலும்புதான் மெக்கானிக்கின் கவலை. அண்ணாச்சி வண்டி ஏறும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கவலை வரும். இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் இரண்டு உந்து உந்தி, வண்டி ஓடும்போதே அந்தக் காலைக் கேரியருக்கு மேலாகச் சுழற்றிப் போடுகிறார். கால் தட்டாமல் சுழல இடுப்பு விரிய வேண்டும், வேட்டி ஒத்துழைக்க வேண்டும், ஒற்றைக் காலில் சமநிலை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியின் வேகம் நடைவேகம்தான். சைக்கிள் விழாமல் நிற்பதன் கணக்கை 2007இல் ஒரு குழு விரிவாகப் போட்டுப் பார்த்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி சைக்கிள், கைபடாமல் தானாகவே நிமிர்ந்து ஓடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 22 கிலோமீட்டர். அதற்குக் கீழே சாயாமல் காப்பது ஓட்டுபவரின் கையும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும். வயதானால் இரண்டுமே மந்தப்படும். வேகமாகப் போகும்போது வண்டியே துணைக்கு நிற்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் ஆள் தனியாகிவிடுகிறார்.

குறுக்கே பார் இல்லாத வண்டியில் இந்தச் சிக்கல் கிடையாது. நடுவில் காலை வைத்து ஏறி உட்காரலாம், தடுமாறினால் இரண்டு காலையும் ஊன்றலாம். ஹாலந்தில் பாட்டனார்கள் கூச்சமே இல்லாமல் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இங்கே அதற்கு ‘லேடீஸ்’ என்று பெயர் வைத்துக் கெடுத்துவிட்டோம். பொறியியல் கணக்கில் பார்த்தால் பார் உள்ள பிரேம்தான் பலம். முக்கோணம் முழுதாக மூடியிருப்பதால் முறுக்காது. நான்கு குடம் ஏற்ற அது வேண்டும். வெற்றிலைக்கும் செய்தித்தாளுக்கும் எதற்கு?

பிரேக் கட்டையை மாற்றும்போது மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். மழையில் இதை நம்பாதீர்கள். கம்பி பிரேக்கில் ரப்பர் உரசுவது பளபளப்பான எஃகு ரிம்மில். நனைந்துவிட்டால் பிடிப்பு பெருமளவு போய்விடும். நாற்கரச் சாலையைக் கடக்க வேண்டியவர்கள் இந்த வண்டியின் அழகில் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் வண்டி தயார். கறுப்புப் பெயிண்ட் அடிக்கவில்லை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. அண்ணாச்சி பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பிரீவீல் மட்டும் ‘டிக் டிக்’ என்றது. நான் அவர் வந்த வண்டியைப் பார்த்தேன். கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது, பேத்திக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த பார் இல்லாத சைக்கிள். முன் கூடையில் வெற்றிலைக் கட்டு, செய்தித்தாள், ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்.

“அவ காலேஜ் போயிட்டா. சும்மா நிக்குதேன்னு எடுத்துட்டு வாரேன்” என்றார், நான் கேட்காமலே.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹெர்குலிஸை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், வீடு வரை கொண்டுபோய் விட. அண்ணாச்சி கூடைச் சைக்கிளின் நடுவில் காலை வைத்து ஏறி, பின்னாலேயே மெல்ல மிதித்துப் போனார்.