நாய்க்குட்டிக்கும் விதை நேர்த்தி உண்டு

"மண்ணுக்கே மருந்து போடாத நாம, நாய்க்குட்டிக்கு மட்டும் எதுக்குங்க ஊசி போடணும்?" இயற்கை விவசாயிகள் கூடுற இடத்துல இந்தக் கேள்வி அடிக்கடி வருது. எங்க செம்பரம்பாக்கம் பக்கம் இன்னும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் விவசாயம் தொடங்குகிறவர்கள் கூடவே ஒரு குட்டியையும் கொண்டு வருகிறார்கள். சிலர் ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்குகிறார்கள். சிலர் உள்ளங்கையில் அடங்குற சிவாவா.

என் பதில்: எந்தக் குட்டியானாலும் ஊசி போட்டே ஆகணும். காரணத்தை நம்ம பாஷையிலேயே சொல்றேன்.

சீம்பால் காவல்

கன்னுக்குட்டிக்குச் சீம்பால் எப்படியோ, நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். தாயின் எதிர்ப்புச் சக்தி முதல் பாலில் வந்துவிடுகிறது. ஆனால் 6 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். என்றைக்குக் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒரே ஊசியைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

தடுப்பூசி நோயைக் கொல்லும் மருந்து இல்லை. நோய் வருவதற்கு முன்னாலேயே உடம்பைத் தயார் செய்வது. விதைக்கும் முன் பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்கிறோமே, அது மாதிரி.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஜீவாமிர்தம் ஊற்றிய மண் என்பதால் அது போய்விடாது. ரத்தக் கழிச்சலில் ஒரு குட்டி செத்த இடத்துக்கு, ஊசி போடாத அடுத்த குட்டியைக் கொண்டு போகாதீங்க. வரப்பு, தேங்கின தண்ணி, எலி மூன்றும் உள்ள நிலத்தில் எலிக்காய்ச்சலும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

வெறிநோயில் விளையாட்டு வேண்டாம்

"பச்சிலை குடிச்சுப் பிழைச்சவங்க இருக்காங்களே"ன்னு சொல்வாங்க. கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறிநோய் இருக்காது. நோய் இல்லாத நாய் கடித்தவர் எதைக் குடித்தாலும் பிழைப்பார். பேர் பச்சிலைக்குப் போகும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் காப்பாற்றும் மருந்து கிடையாது.

குட்டி பிறாண்டினாலும், கடித்தாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க, ஊசி இலவசம்.

இயற்கை இடுபொருளிலும் விஷம் உண்டு

நம்ம பண்ணைக்கே உரிய ஆபத்து இது. ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கு. எலும்புத்தூளோடு கலந்து வைத்தால் வாசனைக்கு நாய் தேடி வந்து தின்னும். வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று உயிரே போகலாம். மூட்டையை உயரத்தில் வையுங்க. போட்ட உடனே மண்ணால் மூடி, சில நாள் நாயைக் கட்டி வையுங்க. ஊமத்தை, எருக்கு சேர்த்த பூச்சிவிரட்டிப் பானைக்கும் மூடி வேணும். எலி மருந்து வைக்கவே வேண்டாம்.

வேப்பங்கொழுந்தை நம்பிக் குடற்புழு மருந்தைத் தள்ளிப் போடாதீங்க. கொக்கிப்புழு குட்டியின் ரத்தத்தை உறிஞ்சும். நாய் மலம் விழுந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் அந்தப் புழு நம் தோலிலும் நுழையும். நாய் மலத்தைக் காய்கறிக்குப் போடும் கம்போஸ்டில் சேர்க்காமல் தனியாகப் புதையுங்க.

உண்ணிக்குக் கையே நல்ல மருந்து. தினமும் சாயங்காலம் காது மடல், விரலிடுக்கு பார்த்து, இடுக்கியால் பிடுங்கிச் சோப்புத் தண்ணியில் போடுங்க.

சிவாவா வைத்திருப்பவர்களுக்கு

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துப் பேர் கொண்ட நாய் இது. வளர்ந்தாலும் 3 கிலோவுக்குள்தான். குட்டியில் பலவற்றுக்கு உச்சிக்குழி மூடியிருக்காது. தலையில் அடி படக் கூடாது. வேளை தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். அப்போது ஈறில் கொஞ்சம் தேன் தடவி, உடனே மருத்துவரிடம் ஓடணும். பருந்து, பாம்பு உள்ள நிலத்தில் இதைத் தனியே விடாதீங்க. காவலுக்கு என்றால் நம்ம நாட்டு நாய்தான் சரி.

நாள் கணக்கு

* 8 வாரம் வரை தாயிடமே இருக்கட்டும்.
* குடற்புழு மருந்து: 2 வார வயதிலிருந்து 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேளுங்க.
* பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் கூட்டு ஊசி: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில்.
* வெறிநோய் ஊசி: 3 மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருடா வருடம்.
* சாப்பாடு: 3 மாதம் வரை 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அப்புறம் 2 வேளை. சோறு அல்லது கேழ்வரகோடு வேகவைத்த முட்டை, மீன், கறி ஏதாவது தினமும் வேணும். வெறும் பால் சோறு போதாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடாது.

ஊசிக்கு முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. விதைத்த தேதி எழுதுகிற நோட்டிலேயே ஊசித் தேதியையும் எழுதி வையுங்க. இரண்டையும் தள்ளிப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.