புது பிஸ்டன் கிட் வாங்கும் முன் பழைய பிஸ்டனைப் பாருங்கள்



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பதிவேட்டைச் சென்ற மாதம் சரிபார்த்தபோது ஒன்று எங்கள் மனதை உறுத்தியது. மரம் அறுக்கும் மெஷின் ரிப்பேருக்கு என்று கடன் வாங்கியவர்களில் சிலர், முதல் கடன் அடைவதற்குள் அதே மெஷினுக்கு, அதே பிஸ்டன் கிட்டுக்கு, மறுபடியும் கேட்டு வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். ஏன் மறுபடியும் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நம் லோயர் கேம்பிலிருந்து காலையில் ஜீப் ஏறி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல் மரங்களில் கிளை கழிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே கூடலூர், கம்பம் பக்கம் காய்ப்பு நின்ற தென்னையை அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மெஷின் நின்றால் மெஷின்காரர் வீட்டில் மட்டும் அல்ல, கயிறு பிடிப்பவர், கிளை இழுப்பவர் வீட்டிலும் அன்றைய வருமானம் நின்றுபோகிறது. சீசனோ சில வாரங்கள்தாம்.

ஒரு சகோதரரின் அனுபவத்தை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். அவருடைய மெஷின் மலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே பிடித்துக்கொண்டது. கடையில் கிடைத்த கிட்டை வாங்கி மாட்டினார். ஒன்பது நாள் ஓடியது. "மட்டமான கிட்" என்று சொல்லி, எங்களிடம் இரண்டாவது முறை கடன் வாங்கி, விலை கூடிய கிட் மாட்டினார். அதுவும் இரண்டு வாரத்தில் போனது. மூன்றாம் முறை பிரித்த மெக்கானிக், கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயை மடக்கிக் காட்டினார். மடிப்பில் மயிரிழை வெடிப்பு. அது வழியாகக் காற்று கூடுதலாகப் போய், பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் காய்ந்து போயிருக்கிறது. அந்த ரப்பரின் விலை, அவர் வாங்கிய முதல் கிட்டின் விலையில் ஒரு சிறு பகுதிதான். இரண்டு கிட்டின் மீதும் குற்றமே இல்லை.

இந்த மெஷினில் இன்ஜின் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பைக், ஆட்டோ பழக்கத்தில் பலர் "போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். அது இங்கே நடக்காது. பழைய பைக்கில் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர் இருக்கும், கடையலாம். மரம் அறுக்கும் மெஷினின் சிலிண்டர் அலுமினியம். உள்சுவரில் தாளை விட மெல்லிய கடினப் பூச்சு ஒன்று இருக்கிறது. நல்ல சிலிண்டர்களில் அது நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த நிக்கசில் என்ற பூச்சு, ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1960-களில் உருவாக்கியது. சிலவற்றில் குரோமியப் பூச்சு. கடைந்தால் அந்தப் பூச்சே போய்விடும்.

ஆகவே முதல் கேள்வி எந்தக் கிட் என்பது அல்ல, பழையது ஏன் போனது என்பதுதான். அதற்கு சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். பிஸ்டன் சைலன்சர் பக்கம் மட்டும் நெடுக்குக் கோடுகளாகக் கிழிந்திருந்தால் காற்றுக் கசிவு, கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவு, ஆயில் கலவைக் குறைவு இவற்றில் ஒன்று. கார்புரேட்டர் பக்கம் மங்கிப்போய்ப் பொடிக் கோடுகள் விழுந்து, பிஸ்டனின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. ஏர் ஃபில்டரைப் பாருங்கள், கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்காராமல் இருக்கும். சுற்றிலும் கிழிந்திருந்தால் ஆயிலே இல்லாத பெட்ரோல் ஊற்றியிருக்கலாம், அல்லது சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே தூள் அடைத்துச் சூடு ஏறியிருக்கலாம். வீட்டில் இருக்கும் இரண்டு கேன்களில் எது வெறும் பெட்ரோல், எது கலந்தது என்று அடையாளம் போடாததால் போன மெஷின்களும் எங்கள் கணக்கில் உண்டு!

இரண்டாவது கேள்வி, சிலிண்டரைக் காப்பாற்ற முடியுமா என்பது. பிஸ்டன் பிடித்தால் சிலிண்டர் சுவரிலும் கோடு கோடாகத் தெரியும், உடனே "சிலிண்டரும் போச்சு" என்று முழுக் கிட்டுக்குப் போய்விடுகிறோம். பல சமயம் அந்தக் கோடு சிலிண்டரின் காயம் அல்ல, பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. அனுபவமுள்ள மெக்கானிக் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியால் அந்தக் கறை மீது மட்டும் தொட்டு வைப்பார். ஒட்டிய அலுமினியம் நுரைத்துக் கரையும், அடியிலுள்ள நல்ல நிக்கசில் பூச்சுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் குரோமியப் பூச்சை இந்த ஆசிட் கரைத்துவிடும். பிறகு நிறையத் தண்ணீரில் கழுவி, சோடா உப்புக் கரைசலால் துடைத்து, சன்ன எமரித் தாளால் குறுக்குவாட்டில் லேசாகத் தேய்ப்பார். ஆசிட் ஓட்டைகளின் ஓரத்தில் தெரியும் வெறும் அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், வரும் வாயுவும் தீப்பிடிக்கக் கூடியது. ஆகவே இதை வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் யாரும் செய்ய வேண்டாம். சுத்தமான பிறகு நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டாமல், பூச்சு எங்கும் உரியாமல் இருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் வாங்கினால் போதும். நம்பகமான கம்பெனியின் பழைய சிலிண்டர் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயர் தெரியாத புதுச் சிலிண்டரை மாட்டுவது எங்கள் பார்வையில் நஷ்டமான வியாபாரம்.

முழுக் கிட்தான் வேண்டும் என்றானால் அளவு முக்கியம். மாடல் பெயரைச் சொல்லி வாங்குவது போதாது. ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170, எம்எஸ் 180 இரண்டும் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முதலாவதன் போர் 37 மி.மீ., இரண்டாவதற்கு 38 மி.மீ. அதேபோல எம்எஸ் 210-க்கு 38, 230-க்கு 40, 250-க்கு 42.5 மி.மீ. முன்பே யாராவது சிலிண்டரை மாற்றியிருந்தால் மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. சந்தையில் பெயரில்லாமல் வரும் சீன மெஷின்களில் 52 சிசி என்பதற்கு 45 மி.மீ., 58 சிசி என்பதற்கு 45.2 மி.மீ. கிட் விற்கிறார்கள். இந்த 0.2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, வெர்னியரில்தான் தெரியும். பெட்டியில் அச்சிட்ட சிசி எண்ணை வைத்து வாங்காதீர்கள். பிஸ்டன் பின்னின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள், ஒரே மாடலிலேயே வெவ்வேறு கனத்தில் பின் வந்திருப்பது உண்டு. சிலிண்டரின் தலையில், கை இழுப்பை இலகுவாக்கும் வால்வுக்கான துளை பழையதில் இருந்ததா இல்லையா என்பதும் பார்க்க வேண்டியது.

விலை மலிந்த கிட் எல்லாமே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பெனி கிட் வாங்க எல்லோருக்கும் முடிவதில்லை, பழைய மெஷினுக்கு அத்தனை செலவு தகுவதும் இல்லை. ஆனால் மலிவுக் கிட்டை வாங்கிய கையோடு மாட்டக் கூடாது. சிலிண்டருக்குள் விரலை விட்டு ஓட்டைகளின் ஓரத்தைத் தடவுங்கள். கத்தி போல் கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். மெக்கானிக்கிடம் சொல்லி ஓரத்தை மழுக்கி, தூள் ஒன்றும் தங்காமல் கழுவிய பிறகே மாட்ட வேண்டும். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் நேராக வைத்துப் பாருங்கள். இரு முனைகளுக்கும் நடுவே சன்னமான இடைவெளி வேண்டும். முனைகள் ஒட்டிக்கொண்டால் சூட்டில் விரிந்து சுவரைக் கிழிக்கும், இடைவெளி அகன்றிருந்தால் கம்ப்ரஷன் தப்பும். கிட்டோடு வரும் பின் லாக் கம்பிகளை நம்பாமல், கம்பெனி லாக் தனியாக வாங்கிப் போடுவது நல்லது. சில ரூபாய் கம்பி கழன்றால் புதுச் சிலிண்டரே கீறலாகிவிடும். பழைய லாக்கை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

மாட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங் முனைகள் பிஸ்டனிலுள்ள சிறு முளையோடு பொருந்த வேண்டும். இவை மெக்கானிக்குக்குத் தெரியும். நாம் கேட்டு வாங்க வேண்டியது வேறொன்று: காற்றுக் கசிவுச் சோதனை. ஓட்டைகளை அடைத்து, கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. பிறகு அதே அளவு காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிராங்க் ஆயில் சீல் சில நேரம் ஒரு திசையில்தான் கசியும். அந்தச் சகோதரருக்கு முதல் தடவையே இதைச் செய்திருந்தால் இரண்டு கிட் மிச்சம்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டில் கையேட்டின்படி அவர்களுடைய டூ-டி ஆயில் என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., வேறு ஆயில் என்றால் 40 மி.லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மலையில் மழைக்காலத்தில் கேனைத் திறந்தும் மூடியும் வைத்திருந்தால், தண்ணீரோடு எத்தனால் பிரிந்து அடியில் தங்கும், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் உறிஞ்சு குழாய் கிடப்பதோ அடியில். ஆகவே ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் கலந்து, சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து வையுங்கள். புதுக் கிட் மாட்டிய பின் கார்புரேட்டரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் மூன்று டேங்க் வரை மரத்தில் வைக்காமல் வெறுமனே முறுக்கிக் கத்தவிடக் கூடாது.

இனி மெஷின் கடனுக்கு வரும் சகோதரர்கள் பழைய பிஸ்டனையும் சிலிண்டரையும் துடைக்காமல் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் ஒரு மெக்கானிக் சகோதரர் உட்கார்ந்து பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அளப்பதற்கு வெர்னியர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கிட்டுக்கு மட்டுமல்ல, ரப்பர் குழாய், ஆயில் சீல், ஏர் ஃபில்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கும் கடன் உண்டு. முந்தைய தவணை பாக்கி இருக்கிறதே என்று யாரும் கூச்சப்பட்டு வராமல் இருக்க வேண்டாம்.