பொன்னாடையும் முகவுரையும்

சுரக்குடி என்றில்லை, காரைக்கால் பக்கம் எங்கும் ஒருவரை அங்கீகரிப்பது என்றால் பொன்னாடைதான். யார் பெரிய மனுஷன் என்பது அங்கே தீர்மானமாகிவிடும். என்ன வேலை நடந்தது என்பதுதான் தெரியாது.

நம் புதுச்சேரிப் பிரதேசத்திலேயே உதாரணம் உண்டு. பாண்டிச்சேரியிலுள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. நியாயமான கௌரவம். ஆனால் வெளியே தெரிவது 1955-இல் அங்கு தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பெயர். தலைமுறைகளாகச் சுவடியைப் பூச்சியரிக்காமல் காத்த குருக்கள் வீடுகளும், படியெடுத்த பண்டிதர்களும் இந்தச் சொல்லாடலில் வெறும் ‘மூலாதாரம்’ ஆகிப்போகிறார்கள்.

உ.வே.சா.விடம் மாற்று வழி இருக்கிறது. 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தவர், பிரதி தந்தவர்களை ஊரோடு முகவுரையில் எழுதிவைத்தார். பதிப்பு என்பது கூட்டு உழைப்பு என்பதற்கு அதுவே சாசனம்.

விருதுக்கும் இந்தப் பார்வை சாத்தியமே. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2004-க்கான இயல் விருதை இ. பத்மநாப ஐயருக்கு அளித்தது. கதை, கவிதை எழுதிப் பெயர் வாங்கியவரல்ல அவர். ஈழத்துக்கும் தமிழகத்துக்குமிடையே புத்தகங்களைச் சேர்ப்பித்தவர். பிறர் எழுத்தை அச்சேற்ற அலைந்தவர்.

சுவடிக்குச் சொன்னது பாட்டுக்கும் பொருந்தும். சுரக்குடியில் நாளை யாராவது ஒப்பாரியோ நடவுப்பாட்டோ தொகுத்தால், பாடிய கிழவி ‘தகவலாளி’யாகப் பின்னிணைப்பில் ஒடுங்கக்கூடாது. அவள் சம்மதித்தால், தொகுத்தவர் பெயரோடு அவள் பெயரும் அட்டையில் வரட்டும் என்கிறேன். பொன்னாடையை அப்புறம் பார்த்துக்கலாம்.