இடம் மாறும் சித்திரச் சுவர்

பணி நிமித்தம் வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர்க்கு வாடகை வீடே இல்லம். சுவரில் ஆணி அறையலாகாது என்பது வீட்டுக்காரர் பலரின் முதல் நிபந்தனை. சில ஆண்டுகளில் வேறூருக்கு மாற்றலும் வந்துவிடுகிறது. ஆகவே, ஒரு நாட்காட்டியை மட்டும் மாட்டிவிட்டுச் சுவரை வெறுமையாக விட்டுவிடுகிறோம். இக்குறையைத் தீர்க்க வல்லவை, விரும்பியவாறு இடம் மாற்றி அடுக்கத்தக்க உலோகச் சித்திரத் தகடுகள்.

இதன் அமைப்பு எளியது. ஒன்றரை அடிச் சதுரமும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள இரும்புப் பலகை ஒன்று வேண்டும். அதன் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மிகும். துரு ஏறாதவாறு வண்ணம் பூசி, இரண்டே திருகாணிகளில் அதனை மாட்டலாம். வீட்டுக்காரர் அதற்கும் இசையாவிடில், மேசைமீது வைத்துச் சுவரிற் சார்த்தலாம். அப்பலகையில் அரையடிச் சதுரத் தகடுகள் ஒன்பது அடங்கும்.

செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு தகட்டின் பின்புறமும் தட்டையான காந்தத் துண்டுகளை ஒட்டுதல் வேண்டும். தகடு கனத்தால் காந்தம் வழுக்கும். மெல்லிய தகடே ஏற்றது. துருப்பிடிக்காத எஃகு வகைகள் சிலவும் காந்தத்திற்கு வசப்படா. எனவே, பலகையை வாங்கும்போதே காந்தத்தால் சோதித்தறிதல் நலம்.

இனிச் சித்திரம். பிரான்சு நாட்டுப் பாதிரியார் செபாஸ்தியன் த்ருஷே என்பவர், மூலைவிட்டத்தால் இரு நிறமாகப் பிரிந்த சதுரங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் எண்ணற்ற கோலங்கள் பிறப்பதை 1704-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். நமக்கோ சிக்குக் கோலம் இருக்கிறது. அதன் இழை தகட்டின் நான்கு விளிம்புகளின் நடுப்புள்ளியிலும் வந்து முடியுமாறு பொறிக்கச் செய்வோமாயின், தகட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அடுத்த தகட்டின் இழையோடு அது இணைந்துவிடும். ஒன்பது தகடுகளும் வெவ்வேறாயின், திருப்பாமல் இடம் மாற்றுவதனால் மட்டுமே 3,62,880 வகை அடுக்குகள் உண்டாகும்.

இக்கோலத் தகடுகளுக்கிடையே நாம் வாழும் மண்ணின் கைத்தொழிலுக்கும் இடமளிக்கலாம். கருநாடகத்தில் வாழ்வோர், கரிய உலோகத்தில் வெள்ளி இழை பதித்த பீதர் வேலைப்பாட்டைச் சேர்க்கலாம். சத்தீசுகரில் வாழ்வோர் பஸ்தர் பழங்குடியினரின் உலோக வார்ப்புச் சிற்றுருக்களைச் சேர்க்கலாம்.

பித்தளையும் செம்பும் மங்கினால் புளியிட்டுத் துலக்கலாம். மெருகுப் பூச்சு உள்ளவற்றை மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். தகட்டின் விளிம்புகளை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். கழன்ற காந்தத் துண்டைக் குழந்தைகள் விழுங்கினால் பேராபத்து விளையும். ஆதலின் அவற்றை உறுதியாக ஒட்டி, அடிக்கடி பார்வையிடுதல் அவசியம்.

மாற்றல் உத்தரவு வரும் நாளில் தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் எஞ்சுபவை இரண்டு சிறு துளைகளே. சிறிது சுண்ணாம்புக் காரையால் அவற்றை அடைத்துவிட்டுச் சாவியை ஒப்படைக்கலாம்.